சிறிய குழாய், கனத்த வால்வு

ஓர் அங்குல ஷெட்யூல் 40 எஃகுக் குழாய் மீட்டருக்கு 2.5 கிலோதான் இருக்கும். சுவரின் தடிமன் 3.4 மில்லிமீட்டர். அதில் பொருத்தப்படும், காற்றழுத்தத்தால் இயங்கும் கட்டுப்பாட்டு வால்வோ ஆக்சுவேட்டரோடு சேர்த்து 30 கிலோவைத் தொடலாம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் மின் நிலையங்களிலும் இந்தப் பொருந்தா ஜோடியைப் பார்க்க முடியும்.

பெரிய தாய்க்குழாயிலிருந்து அரை மீட்டர் நீளும் அந்தச் சிறு குழாயின் நுனியில் 30 கிலோவைத் தொங்கவிட்டால் உடனே ஒன்றும் ஆகாது. அடிமூட்டில் உண்டாகும் வளைவுத் தகைவு ஏறக்குறைய 68 மெகாபாஸ்கல். சாதாரணக் கார்பன் எஃகுக்கு விதிகள் அனுமதிப்பதில் இது பாதிதான். ஏமாறும் இடமும் இதுவே.

பக்கத்தில் கம்ப்ரசர் ஓடத் தொடங்கியதும் நுனி எடை ஆட ஆரம்பிக்கிறது. நொடிக்கு 10 முறை ஆடினால் ஒரு நாளில் 8,64,000 முறை. 12 நாளில் ஒரு கோடியைத் தாண்டிவிடும். வெல்டிங் விளிம்பில் மயிரிழை விரிசல் விழுகிறது. அது உள்ளே பரவி, சுமையைத் தாங்கிக்கொண்டிருந்த குழாய் திடீரென முறிகிறது. உள்ளே எரிவாயு ஓடினால் ஒரு பொறி போதும், உயிர்கள் போய்விடும்.

அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பி31.1 விதித்தொகுப்பு, நீர் ஓடும் ஓர் அங்குலக் குழாய்க்கு 2.1 மீட்டர் இடைவெளியில் தாங்கிகளைப் பரிந்துரைக்கிறது. நடுவில் வால்வோ பிளான்ஜோ வந்தால் அந்தக் கணக்கு செல்லாது என்றும் அதுவே சொல்கிறது. அட்டவணையைப் பார்ப்பவர்கள் இந்த வரியைத் தவறவிடவே கூடாது.

சரி, எதில் முட்டுக் கொடுப்பது? அருகிலுள்ள தூணோடு கட்டிவிடத்தான் கை போகும். பெரும்பாலும் அது தவறு. தாய்க்குழாய் அதிரும், தூண் அசையாது; இரண்டுக்கும் நடுவே சிறு குழாய் இழுபடும். அதனால் தாய்க்குழாயிலேயே கிளாம்ப் போட்டு, அதிலிருந்து இரண்டு திசைகளில் வால்வைப் பிடிக்க வேண்டும். அப்போது இரண்டும் சேர்ந்தே ஆடும். வால்வை அடிமூட்டுக்கு நெருக்கமாக வைப்பது இன்னும் நல்லது. பலா தன் பெரிய பழங்களை அடிமரத்திலேயே தாங்குகிறதல்லவா!

நீண்டு ஓடும் குழாயில் வால்வு இருந்தால் அதன் இரு பக்கமும் தாங்கி வேண்டும். ஆனால் இரண்டையும் இறுக்கக் கூடாது. 10 மீட்டர் எஃகுக் குழாய் 100 டிகிரி சூடேறினால் சுமார் 12 மில்லிமீட்டர் நீளும். ஒரு பக்கத்தை நிலையாகப் பிடித்து, மறுபக்கம் நகர இடம் விட வேண்டும். பழுதுபார்க்க வால்வைக் கழற்றும்போதும் குழாயின் முனைகள் தொங்காமல் நிற்கும்.