கழற்றிய என்ஜினுக்கு ஒரு தாங்கு சட்டம்

ஓசூர், சூளகிரி, கெலமங்கலம் வட்டாரங்களில் தக்காளிப் பெட்டியும், கொத்தமல்லிக் கட்டும், ரோஜாப் பூக்கூடையும் சந்தைக்குப் போவது பெரும்பாலும் இரு சக்கர வண்டியில்தான். 1980-ஆம் ஆண்டு டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்தது முதல், இவ்வகை வண்டி மண்வெட்டியைப் போலவே ஒரு பண்ணைக் கருவியாகிவிட்டது. கருவி என்றால் பழுதும் உண்டு. சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஸ்பேனர் பிடிக்கக் கற்றிருப்பதால், விடுமுறை நாளில் வீட்டு வாசலிலேயே என்ஜினைக் கழற்றிவிடுகிறார்கள். இதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் கழற்றிய என்ஜினை எதன் மேல் வைப்பது என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

பொதுவாக நடப்பது என்ன? தரையில் ஒரு சாக்கை விரித்து அதன் மேல் என்ஜினைச் சாய்த்து வைக்கிறோம். என்ஜினின் அடிப்பாகம் தட்டையாக இராது. ஆயில் வடிக்கும் போல்ட், கியர் தண்டு, கிக்கர் தண்டு என்று ஏதாவது ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். முழுப் பாரமும் அதன் மேல் இறங்குகிறது. அல்லது சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகளின் மேல் இறங்குகிறது. வெளிக்கூடு வார்த்தெடுத்த அலுமினியம். இரும்புத் தகடு அடிபட்டால் வளையும். வார்ப்பு அலுமினியம் வெடிக்கும். இறுகிப்போன நட்டை ஓரடி நீள ஸ்பேனரால் திருப்பும்போது, நட் அசையாமல் என்ஜின் உருளுகிறது. வண்டியோடு என்ஜினைப் பிணைக்கும் ‘காது’ ஒன்று உடைந்தாலோ, கூட்டில் விரிசல் கண்டாலோ, அலுமினிய வெல்டிங் தெரிந்த பட்டறையைத் தேடி அலைய வேண்டும். முதலில் இருந்த பழுதைவிட இச்செலவு கூடிவிடலாம். அறுவடை நேரமாயின் சரக்கும் வீட்டில் தங்கிவிடும்.

உங்கள் பிள்ளை தொழிற்சாலையில் பணியாற்றினால் அவரிடமே கேட்டுப் பாருங்கள். அங்கே எந்த வார்ப்பையும் கையில் பிடித்துக்கொண்டு துளையிடுவதில்லை. ஃபிக்சர் என்னும் பிடிப்பானில் பூட்டிய பிறகே வேலை தொடங்கும். அதே தத்துவம் நம் வாசலுக்கும் பொருந்தும். என்ஜினின் பாரம் அகன்ற, தட்டையான பகுதியில் இறங்க வேண்டும். என்ஜின் திரும்பாமல் தடுப்பது அதன் சொந்தக் காதுகளாக இருக்க வேண்டும்.

இதற்கு 3க்கு 2 அங்குல மரச் சட்டங்கள் போதும். நான்கு துண்டுகளைக் கொண்டு அடியும் மூடியுமில்லாத ஒரு பெட்டி செய்க. உள் அளவு என்ஜினின் அடிக்கூட்டைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால், கூட்டின் விளிம்பு நான்கு புறமும் சட்டத்தின் மேல் அமரும்; துருத்திய பாகங்கள் உள்ளே தொங்கும். அவை தரையைத் தொடாத அளவுக்குச் சட்டம் உயரமாக இருத்தல் அவசியம். வண்டிக்கு வண்டி அளவு மாறுமாகையால், உங்கள் என்ஜினை அளந்தே செய்க. நம் பகுதியில் எளிதாகக் கிடைக்கும் தைல மரம் ஏற்றது. ஆனால் ஆணி அடித்தால் பிளந்துவிடும், துளையிட்டு போல்ட் போடுங்கள். மாம்பழப் பெட்டிப் பலகை உதவாது. விளிம்புகளில் பழைய சைக்கிள் டயரை வெட்டி ஒட்டலாம். பின்னர் பெட்டியின் இருபுறமும் ஆங்கிள் இரும்புத் துண்டுகளை நிமிர்த்திப் பூட்டி, என்ஜின் காதுகளுக்கு நேராகத் துளையிட்டு, வண்டியில் இருந்த அதே நீள போல்ட்டுகளைச் செருகுக. ஒரு போல்ட் மட்டும் போட்டால் என்ஜின் அதை அச்சாகக் கொண்டு சுழலும். இரண்டாவது போல்ட்தான் அதை நிறுத்தும். முழுச் சட்டத்தையும் கனமான பலகையிலோ மேசையிலோ பூட்டிவிடுவது நலம்.

சட்டம் தயாரான பின்னும் அவசரப்பட வேண்டாம். கடினமான நட்டுகளை என்ஜின் வண்டியில் இருக்கும்போதே தளர்த்திக்கொள்வதே புத்திசாலித்தனம். வண்டியைவிடச் சிறந்த பிடிப்பான் வேறில்லை. கியர் வண்டியாயின் கியரில் போட்டு, ஒருவர் பின் பிரேக்கை மிதித்துக்கொள்ள, செயின் ஓடும் முன் பல்சக்கரத்தின் போல்ட்டுகளைத் தளர்த்தலாம். சிலிண்டர் தலை நட்டுகளை என்ஜின் நன்கு ஆறிய பிறகே, மூலைக்கு மூலை மாற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்துக.

100 சி.சி. மோட்டார் சைக்கிள் என்ஜின் ஏறக்குறைய அரை மூட்டை சிமென்ட் எடை இருக்கும். இருவர் சேர்ந்து அடிக்கூட்டைப் பிடித்துத் தூக்குங்கள். கார்புரேட்டர் குழாயையோ சிலிண்டர் தகடுகளையோ பிடிக்கக் கூடாது. மாமரக் கிளையில் கயிறு கட்டித் தொங்கவிட்டபடி வேலை செய்வோரும் உண்டு. கயிறு தூக்குவதற்கு மட்டுமே. தொங்கும் என்ஜினில் ஸ்பேனர் வைத்தால் அது ஊஞ்சலாடும். என்ஜின் நீங்கிய வண்டி பின்பாரமாகி முன்சக்கரம் தூக்கும் என்பதால் அதையும் ஒரு தூணில் கட்டிவிடுங்கள்.

சட்டத்தின் மேலும் கவனம் தேவை. சிலிண்டரை உருவியவுடன் பிஸ்டன் சாய்ந்து கூட்டின் வாயில் மோதும். கவட்டை போல் வெட்டிய ஒரு மரத்துண்டைப் பிஸ்டனுக்குக் கீழே முட்டுக் கொடுத்து, கூட்டின் வாயைத் துவைத்த துணியால் அடையுங்கள். 2015-இல் வந்த எக்ஸ்.எல். 100 போன்ற நான்கு ஸ்ட்ரோக் என்ஜின்களில் டைமிங் செயின் கூட்டுக்குள் விழாதபடி கம்பியால் கட்டி வைக்க வேண்டும். கேஸ்கெட் அமரும் பரப்பில் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் பிறகு ஆயில் கசிவது உறுதி. அடிக்கூட்டையே இரண்டாகப் பிரிக்க வேண்டிய பழுதாயின், சட்டத்தோடு தூக்கிச் சென்று மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவதே சிக்கனம் என்பது என் கருத்து.

கேழ்வரகு அடிக்கும் களத்தருகே இவ்வேலை வேண்டாம். தூசியும் உமியும் பேரிங்குக்குப் பகை. பெட்ரோலில் பாகங்களைக் கழுவுவதை வைக்கோற்போரிலிருந்து எட்டத்தில், அடுப்போ பீடியோ இல்லாத இடத்தில் செய்க. வடித்த பழைய ஆயிலை வரப்பிலோ கிணற்றோரத்திலோ ஊற்றினால் மண்ணும் நீரும் கெடும். மூடியுள்ள டப்பாவில் சேர்த்துப் பட்டறையில் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் சட்டத்தை விறகாக்கிவிட வேண்டாம். ஆங்கிள் இரும்பில் வேறு துளைகள் போட்டுக்கொண்டால், விசைத்தெளிப்பான், களையெடுக்கும் கருவி ஆகியவற்றின் சிறு என்ஜின்களையும் இதிலேயே பூட்டலாம்.