கையில் கருவி, எங்கோ விளையாட்டு

ஸ்ரீபெரும்புதூர் என்றால் இராமானுசர் பிறந்த ஊர் என்பது பழைய பெருமை. இன்று அதனோடு இன்னொரு பெயரும் சேர்ந்துள்ளது. இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை, சுங்குவார்சத்திரம் முதல் வல்லம் வடகால் வரை, காரும் கைப்பேசியும் கண்ணாடியும் செய்யும் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. விடியும் முன்பே கம்பெனிப் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. நம் பள்ளி மாணவியர் பலருடைய பெற்றோரும் அண்ணன்மாரும் அக்காமாரும் அவற்றில் ஏறிச் செல்பவர்களே. ஆகவே ஒரு பொருள் எப்படி உருவாகிறது, அது யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பது நமக்கு வெறும் ஏட்டுப் படிப்பு அன்று. இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் பேசும் பேச்சு.

இப்படிப்பட்ட ஊரில் வாழும் நாம், கையடக்க வீடியோ விளையாட்டுக் கருவிகளில் வந்துள்ள ஒரு புதிய ஏற்பாட்டைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது பொருத்தமாகும். 'கிளவுட் கேமிங்' என்று அதற்குப் பெயர். நாம் அதை மேக விளையாட்டு எனலாம். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் மேக விளையாட்டுச் சேவை 2025ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. ஆகவே இது யாரோ அயல்நாட்டார் சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாது.

மேகம் என்பது எது?

பெயரைக் கேட்டு வானத்தைப் பார்க்க வேண்டாம். மேகம் என்பது ஒரு கட்டடம்தான். ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்து, அவை சூடேறாதபடி இரவும் பகலும் குளிர்வித்துக்கொண்டிருக்கும் கட்டடம். சென்னையிலேயே அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இத்தகைய தரவு மையங்கள் உள்ளன.

சாதாரணமாக ஒரு வீடியோ விளையாட்டு நம் கையிலுள்ள கருவிக்குள்ளேயே ஓடும். 1989ஆம் ஆண்டில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட கேம் பாய் கருவியில் ஒரு சிறிய கேட்ரிட்ஜைச் செருகினால் போதும். விளையாட்டு முழுவதும் அதற்குள் இருந்தது. மேக விளையாட்டில் அப்படியில்லை. விளையாட்டு எங்கோ ஒரு தரவு மையத்தில் ஓடுகிறது. அதன் படம் மட்டும் சினிமாவைப் போல இணையத்தின் வழியே நம் திரைக்கு வருகிறது. நாம் பொத்தானை அழுத்தினால் அந்தச் செய்தி மையத்துக்குப் போகிறது. அங்குள்ள கம்ப்யூட்டர் கணக்கிட்டு, புதுப் படத்தை வரைந்து, சுருக்கித் திருப்பி அனுப்புகிறது. நம் கையில் இருப்பது விளையாட்டுப் பெட்டி அன்று. ஒரு சன்னல் மாத்திரமே.

இதில் நன்மை இல்லையா? உண்டு. விலையுயர்ந்த கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடக்கூடிய பெரிய விளையாட்டை ஒரு சிறிய கருவியிலும் ஆடலாம். இறக்கி வைக்க இடம் தேட வேண்டியதில்லை. லாஜிடெக் நிறுவனம் 2022ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு கையடக்கக் கருவியை வெளியிட்டது. ஆனால் இந்த நன்மைக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதே கேள்வி.

முதல் குறை: தாமதம்

அஞ்சாங்கல் ஆடாத தமிழ்ப் பெண் உண்டோ? ஒரு கல்லை மேலே எறிந்து, தரையில் கிடப்பதை வாரி, விழும் கல்லைப் பிடிக்கிறோம். கண் கண்டவுடன் கை நகர்வதால்தான் அது முடிகிறது. கல் விழுவது கொஞ்சம் பிந்திக் கண்ணுக்குத் தெரிந்தால் எப்படி இருக்கும்? கை நீளும்போது கல் தரையில் கிடக்கும்! மேக விளையாட்டின் முதல் குறை இதுவே.

ஒளி கண்ணாடி இழைக்குள் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அது பெரிய வேகம்தான். ஆனாலும் விளையாட்டு மையம் சிங்கப்பூரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து கடல் வழியே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். போய்த் திரும்ப 6,000. இதற்கு மட்டும் ஒரு விநாடியை ஆயிரமாகப் பகுத்தால் 30 பங்கு நேரம் ஆகிறது. நல்ல விளையாட்டுகளில் விநாடிக்கு 60 படங்கள் மாறுகின்றன. அதாவது ஒரு படத்துக்கு அத்தகைய 17 பங்கு நேரமே. ஆகவே வழிப்பயணத்திலேயே கிட்டத்தட்ட இரண்டு படங்கள் பின்தங்கிவிடுகிறோம். கணக்கிடவும், படத்தைச் சுருக்கவும், மீண்டும் விரிக்கவும், வீட்டு வைஃபை தாண்டவும் ஆகும் நேரம் இதற்கு மேல். மையத்தை அருகில் கொண்டு வந்தால் வழிப்பயணம் குறையும். மற்ற வேலைகளுக்கான நேரம் அப்படியே இருக்கும்.

"சினிமா தடங்கலின்றி ஓடுகிறதே, விளையாட்டுக்கு மட்டும் என்ன?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. சினிமாவில் அடுத்த காட்சி என்ன என்பது முன்பே முடிவானது. ஆகவே கருவி சில விநாடிப் படத்தை முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. இணைப்பு சற்றுத் தடுமாறினாலும் நமக்குத் தெரிவதில்லை. விளையாட்டில் அடுத்த படம் என்ன என்பது நாம் எந்தப் பொத்தானை அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. இன்னும் பிறக்காத படத்தை எப்படிச் சேர்த்து வைப்பது? ஆகவே தாயம், சதுரங்கம் போல முறை வைத்து ஆடுபவற்றில் தாமதம் உறுத்தாது. ஓட்டம், பந்தயம், பந்து என்று வந்தால் ஒவ்வொரு தடுமாற்றமும் கண்ணில் குத்தும்.

இரண்டாம் குறை: டேட்டா பசி

இங்கே பெற்றோர் சற்றுக் கவனிக்க வேண்டும். ஓரளவு தெளிவான படத்துக்கு விநாடிக்கு 10 மெகாபிட் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் நாலரை ஜிகாபைட் வருகிறது. பல வீடுகளில் கைப்பேசிக்கு நாளொன்றுக்கு 2 ஜிகாபைட் ரீசார்ஜ்தான் போடுகிறோம். அது 27 நிமிடத்தில் தீர்ந்துவிடும்! அதன் பிறகு அன்றைய வீட்டுப்பாடத்துக்கோ, ஊரிலிருக்கும் பாட்டியுடன் முகம் பார்த்துப் பேசவோ ஒன்றும் மிஞ்சாது. விளையாட்டை ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால் டேட்டாச் செலவு அந்த ஒரு முறையோடு பெரும்பாலும் முடிந்தது. மேக விளையாட்டிலோ ஆடும்போதெல்லாம் செலவு.

மூன்றாம் குறை: நடுவில் நிற்கும் கோபுரம்

ஒரு செல்போன் கோபுரத்தின் வேகத்தை அதன் கீழுள்ள அனைவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நம் வட்டாரத்தில் இது சிறிய விஷயமன்று. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண் பணியாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. இவ்வாறு ஆயிரக்கணக்கானோர் ஷிப்ட் முடிந்து வந்து ஒரே வேளையில் கைப்பேசியைத் திறக்கும் இடங்களில், ஒவ்வொருவர் பங்கும் சுருங்குவது இயல்பு. வேகம் குறையும்போது மேக விளையாட்டின் படம் கட்டம் கட்டமாகக் கலைகிறது. பிறகு உறைந்து நிற்கிறது.

மழைக்காலத்தைச் சொல்லவே வேண்டாம். 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தையும், 2023ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் நம் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரமும் தொலைத்தொடர்பும் நின்று, பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் அத்தகைய நாளில்தான் ஒரு விளையாட்டு உண்மையில் தேவைப்படும். அப்போது பாட்டரி நிறைந்த கருவி கையில் இருந்தும் மேக விளையாட்டு உதவாது.

நான்காம் குறை: அது யாருடைய பொருள்?

மேற்சொன்ன மூன்றையும் நல்ல இணைப்பு ஒருநாள் ஓரளவு தீர்த்துவிடலாம். நான்காவது அப்படியன்று. அதுவே எல்லாவற்றிலும் பெரிது என்பது எங்கள் கருத்து.

நம் சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை தலைமையில் இயங்கும் கூகுள் நிறுவனம், 2019ஆம் ஆண்டு நவம்பர் 19 அன்று ஸ்டேடியா என்ற மேக விளையாட்டுச் சேவையைச் சில நாடுகளில் தொடங்கியது. இந்தியா அவற்றில் இல்லை. பணமும் பலமும் உள்ள நிறுவனம், தொழில்நுட்பத்திலும் குறைவில்லை. ஆயினும் எதிர்பார்த்த அளவு மக்கள் சேரவில்லை. 2023ஆம் ஆண்டு ஜனவரி 18 அன்று சேவை மூடப்பட்டது. நியாயமாகச் சொல்ல வேண்டும். தன் கடையில் விளையாட்டு வாங்கியவர்களுக்கு நிறுவனம் பணத்தைத் திருப்பித் தந்தது. ஆனால் முந்தின நாள் வரை ஆடிய விளையாட்டு மறுநாள் இல்லை. மாதக்கணக்கில் ஆடி அடைந்த முன்னேற்றத்தை எல்லா விளையாட்டுகளிலும் காப்பாற்றிக்கொள்ள வழியும் இருக்கவில்லை. இதற்கு முன்பே 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய ஆன்லைவ் என்ற சேவையும் 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் மறைந்தது.

மற்றோர் உதாரணம் 2018ஆம் ஆண்டு மே மாதம் ஜப்பானில் நடந்தது. நின்டெண்டோவின் ஸ்விட்ச் என்ற கையடக்கக் கருவியால் தாங்க முடியாத 'ரெசிடென்ட் ஈவில் 7' என்ற விளையாட்டை மேகம் வழியே வழங்கினார்கள். 2,000 யென் கட்டினால் 180 நாள் ஆடலாம். கடையில் பொருள் வாங்குவதுபோல் தோன்றினாலும் உண்மையில் அது நாள் குறித்த பயணச் சீட்டே.

இதை நம் ஊர்ப் பொருளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். இருங்காட்டுக்கோட்டையில் செய்த கார் மதுரையிலோ மும்பையிலோ ஓடுகிறது. ஆலையிலிருந்து கயிறு கட்டி அதை யாரும் இழுப்பதில்லை; வாங்கியவருடைய பொருள் அது.

இன்னும் நெருங்கிய உதாரணம் நோக்கியா. 2006ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய அந்தக் கைப்பேசி ஆலையில் ஆயிரக்கணக்கானோர், அவர்களில் ஏராளமான இளம் பெண்கள், வேலை பார்த்தார்கள். உலகச் சந்தை மாறியது. வரி வழக்கும் சேர்ந்துகொண்டது. 2014ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது. அந்த மூடலால் எத்தனை குடும்பங்கள் தவித்தன என்பதை இந்த வட்டாரத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நோக்கியாவின் பொத்தான் கைப்பேசி என்றாலே பாம்பு விளையாட்டு நினைவுக்கு வரும். 1997ஆம் ஆண்டில் 6110 என்ற மாதிரியில் முதலில் வந்த விளையாட்டு அது. பாம்பு விளையாட்டோடு கூடிய அப்படிப்பட்ட கைப்பேசி ஒன்று இன்றும் உங்கள் வீட்டு அலமாரியில் கிடந்தால், சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். பாட்டரி நன்றாக இருந்தால் பாம்பு ஓடும். வாலைக் கடித்தால் ஆட்டம் முடியும். ஆலை மூடியது, விளையாட்டு மூடவில்லை. காரணம், அது நம் கையில் இருந்தது. மேக விளையாட்டில் கருவி கெடாமல் இருக்கும். சந்தா நின்றாலோ சேவை மூடினாலோ விளையாட்டு போய்விடும்.

வாங்கும் முன் மூன்று கேள்விகள்

மேக விளையாட்டு தீயது என்று நாங்கள் சொல்லவில்லை. விலையுயர்ந்த விளையாட்டு தனக்குப் பிடிக்குமா என்று ஒரு மாதம் ஆடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அது ஏற்றதாகவும் இருக்கலாம். வாடகைக்கு எடுப்பது தவறன்று. வாடகையை விலை என்று எண்ணிக்கொள்வதுதான் தவறு. இறக்கி வைக்கும் விளையாட்டுகளிலும் சில, இணையம் இல்லாமல் திறக்க மறுக்கின்றன. அவற்றையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

ஆகவே அன்புத் தோழியரே, பிறந்த நாளுக்கு இப்படி ஒரு கருவியைக் கேட்கும் முன்பு, பெற்றோருடன் அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இணையம் நின்றால் இது ஓடுமா? இந்த மாதப் பணம் கட்டாவிட்டால் என்ன மிஞ்சும்? இதை நடத்தும் கம்பெனி நாளை கடையை மூடினால் நம் கையில் என்ன இருக்கும்?

பெற்றோரே, நீங்கள் ஓவர்டைம் பார்த்துச் சேர்க்கும் ஒவ்வொரு ரூபாயும் நின்ற காலோடு உழைத்த நேரம். அதைக் கொடுத்து வாங்குவது பொருளா, வாடகைச் சீட்டா என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். தெரிந்து கொடுத்தால் அது செலவு; தெரியாமல் கொடுத்தால் நட்டம்.