பழவேற்காட்டுப் பாடு

பொன்னேரியிலிருந்து கிழக்கே செல்லும் சாலை பழவேற்காட்டில் ஒரு பெரும் நீர்ப்பரப்பின் கரையைச் சென்றடைகிறது. சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் உள்ளது. தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆரணியாறும் காளங்கியாறும் இதில் நன்னீரைச் சேர்க்கின்றன. முகத்துவாரத்தின் வழியே வங்கக் கடலின் உப்புநீர் வந்து கலக்கிறது.

மகிமை மாதா ஆலயத்திற்குச் சென்று திரும்பும் நம் குடும்பங்களில் பலர் இக்கரையில் நின்று, நெருங்கி நிற்கும் படகுகளைக் கண்டிருப்பர். எண்ணற்ற குடும்பங்கள் ஒரே நீரை நம்பி வாழ்கின்றன. யார், எங்கே, என்று வலையிடுவது என்பதை எவ்வாறு முடிவு செய்கிறார்கள்?

இதற்கு அவர்களுடைய முன்னோர் கண்ட விடைக்குப் 'பாடு' என்று பெயர். அதன் தேவையை உணர, இறாலின் வாழ்வை அறிதல் வேண்டும். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் புகுந்து வளர்கின்றன. வளர்ந்தபின் மீண்டும் கடலை நாடுகின்றன. அவ்வாறு நீரோட்டத்தோடு திரும்பும் இறாலைப் பிடிக்கவே கழிகளை ஊன்றிச் 'சுத்து வலை' கட்டுகிறார்கள். ஆனால் ஓட்டம் நன்றாக அமைந்த இடங்கள் சிலவே, வலைகளோ பல.

முந்தியவர்க்கே இடம் என்றால், வலிமையுள்ளவரே என்றும் முந்துவர். ஆகவே கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களின் மீனவர்கள் முறை வகுத்துக்கொண்டனர். ஊரில் தலைக்கட்டாகச் சேர்க்கப்பட்டவர்களுக்குள் சீட்டுக் குலுக்கி இடங்களைப் பகிர்ந்துகொள்வர். முறை வந்தவர் வலை கட்டுவார். மற்றவர் தம் முறைக்குக் காத்திருப்பார். இன்று குறைந்த இடம் பெற்றவருக்கு மற்றொரு நாள் நல்ல இடம் கிட்டும். இம்முறையின் சிறப்பைக் கண்டு, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1991ஆம் ஆண்டில் இதைப் பற்றியே ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது.

எனினும், இந்த நீதிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறைத்தலாகாது. பாட்டு உரிமை பரம்பரையாக ஒரே சமூகத்தாருக்கு உரியதாக இருந்து வந்துள்ளது. ஏரியை நம்பி வாழும் பிற சமூகத்தாருக்கு அந்தச் சீட்டில் இடமில்லை. கழுத்தளவு நீரில் இறங்கி, கைகளால் துழாவி இறால் பொறுக்கும் ஏழைப் பெண்களும் அவ்வாறே வெளியில் நிற்பவர்கள்தாம். ஏற்றுமதியால் இறாலின் விலை உயர்ந்தபோது எல்லாருக்கும் வலையிடும் ஆசை பிறந்தது, பூசல்களும் பிறந்தன. வட்டத்திற்குள் சமநீதி வழங்கிய முறை, வட்டத்திற்கு வெளியே நின்றவர்க்கு அநீதியாகவே தோன்றியது.

ஏரிக்கும் இன்று இடர் நேர்ந்துள்ளது. முகத்துவாரத்தை மணல் தூர்க்கிறது. அது அடைபட்டால் இறால் குஞ்சுகள் உள்ளே வர இயலாது. கோடையில் நீரின் உப்பும் மிகும். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை முகத்துவாரத்தை அகலப்படுத்திற்று என்றாலும், மணல் மீண்டும் சேர்ந்தது. தெற்கே அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் எழுந்துள்ளன. வலையில் வருவாய் குன்றும்போது, இளைஞர் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளை நாடுவது இயல்பே. இறாலே வாராத ஏரியில் யாருக்கு முறை வந்தால்தான் என்ன பயன்?

ஆகவே பாடு நமக்குக் கற்பிக்கும் பாடம் இரண்டு. முறைக்குக் காத்திருப்பவன் இழப்பதில்லை. தன் அயலானையும் வாழவிட்டுத் தானும் வாழ்கிறான். ஆயினும், பங்கிடுவதோடு கடமை முடிந்துவிடாது. பங்கு பெறாதவரை நினைத்தலும், பங்கிடப்படும் பொருளையே காத்தலும் அதனுடன் சேர்ந்தவை. தெருக்குழாயடியிலும், உடன்பிறந்தார் பாகம் பிரிக்கும் வேளையிலும், நம் குடும்பங்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.