வளைகுடாவின் மின்சாரமும் வாடகைக் குடியின் கூரையும்

எண்ணெய் வயல்களின் மேல் அமர்ந்திருக்கும் குவைத்தில் மின்வெட்டு என்றால் நம்புவது கடினம். ஆயினும் 2024 யூன் மாதத்தில், கடும் வெப்பத்தினால் மின்தேவை உற்பத்தியை விஞ்சிவிட, உச்ச வேளைகளில் ஓரிரு மணிநேரம் மின்சாரத்தை நிறுத்துவதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. அக்கோடைக்கென ஓமானிடமும் கட்டாரிடமும் 500 மெகாவாற் வலுவை வாங்க ஒழுங்கு செய்திருந்தும் இந்நிலை நேர்ந்தது. மத்திய கிழக்கில் உழைக்கும் உறவுகளை உடைய எமது குடும்பங்கள் பலவற்றுக்கு இது அயலார் வீட்டுச் செய்தியன்று.

மின்சாரம் விறகைப்போல அடுக்கிவைத்து வேண்டியபோது எடுக்கும் பொருளன்று. உற்பத்தியும் பாவனையும் ஒவ்வொரு கணமும் சமமாக இருத்தல் வேண்டும். வளைகுடாவில் கோடைகால உச்சத் தேவையின் பெரும்பகுதியைக் குளிரூட்டிகளே விழுங்குகின்றன. பகலிற் சூடேறிய கொங்கிறீற்றுச் சுவர்கள் இரவிலும் வெப்பத்தை உமிழ்வதால், சூரியத் தகடுகள் ஓய்ந்த பின்னரும் தேவை தணிவதில்லை. அங்கு தட்டுப்படுவது பெரும்பாலும் எரிபொருளன்று. உரிய வேளையில் உரிய இடத்திற் கிடைக்கும் வலுவே.

அயல்நாடுகளுடன் இணைவது இதற்கு முதலாவது மருந்தாயிற்று. குவைத், சவூதி அரேபியா, பஹ்ரெயின், கட்டார் ஆகியன 2009இலும் ஐக்கிய அரபு இராச்சியம் 2011இலும் பொது மின்வலையமைப்பில் இணைந்தன. ஆனால் ஒரே வெப்ப அலை அனைவரையும் தாக்கும்போது, அயலானின் பானையிலும் மிச்சம் குறைவாகவே இருக்கும்.

ஆகவே உள்ளூர் வளங்களின்மீது பார்வை திரும்பியுள்ளது. 1990களில் மின்சாரமின்றிக் கிடந்த யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட எமது மக்களுக்கு, வலு வீட்டு வாசலிலும் பிறக்கும் என்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அபுதாபி 2019இல் பத்து இடங்களில் 108 மெகாவாற் வலுவுடைய சோடியம்-கந்தகப் பற்றறிகளை நிறுவியது. அவை ஆறு மணிநேரம் அவ்வலுவை வழங்கவல்லன. டுபாய் ஆட்சிக்குட்பட்ட ஹத்தா மலைப்பகுதியில், பகல் வெயிலின் மின்சாரத்தால் அணைநீரை மேலேற்றி, தேவைப்படும் வேளையில் கீழிறக்கி 250 மெகாவாற் பெறும் திட்டம் வகுக்கப்பட்டது. பெருங்கட்டடத் தொகுதிகள் சிலவற்றில் இரவிலே குளிரவைத்த நீரைத் தாங்கிகளிற் சேமித்து, பகலிற் குழாய்வழி அனுப்புகின்றனர். அந்தத் தண்ணீரும் ஒருவகைப் பற்றறியே.

கூரைகளின் கதையோ சற்று வேறானது. டுபாய் 2015இல் தொடங்கிய 'ஷம்ஸ் டுபாய்' திட்டத்தின்படி, கூரைத் தகடுகளில் மிஞ்சும் மின்சாரம் வலையமைப்பிற் சேர்கிறது. அதன் அளவு அடுத்த மாதங்களின் பட்டியலிற் கழிக்கப்படுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூரை உரிமையாளருடையது. அதன்கீழ் வாழ்வோரில் மிகப் பெரும்பாலானோர் வாடகைக்கு இருப்போரும் முதலாளி தந்த அறையிலே தங்குவோருமாவர்.

கூரைகள் பெருகினால் மட்டும் போதாது என்பதற்கு இலங்கையே சான்று. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிற் பாவனை குறைந்திருந்தமையால், கூரைத் தகடுகளைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை மக்களை வேண்டியது. சேமிக்க வழியின்றி விடப்பட்ட அந்த வெயில், மாலையில் விளக்கேற்றும் வேளைக்கு உதவவில்லை.

தேவையை விட்டுக்கொடுப்பதும் ஒரு வளமே என்கின்றனர் மின்பொறியியலாளர்கள். உச்ச வேளையில் ஆளில்லா அலுவலகமொன்றின் குளிரூட்டியைச் சற்றுத் தளர்த்தினால் ஒருவருக்கும் கேடில்லை. ஆனால் யூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை நண்பகல் 12.30 தொடக்கம் 3 மணிவரை திறந்தவெளி வேலையைத் தடைசெய்யும் ஐக்கிய அரபு இராச்சியத்தின் சட்டம், வெயிலின் கொடுமையை ஏற்கெனவே ஒப்புக்கொள்கிறது. எஞ்சிய பகலெல்லாம் வெந்துவிட்டு அறைக்குத் திரும்பும் தொழிலாளியின் உறக்கம், விட்டுக்கொடுக்கத்தக்க தேவைகளின் பட்டியலில் இடம்பெறலாகாது. வலையமைப்பு வளைந்துகொடுக்கட்டும். ஆனால் யார் வளைவது, அதற்கு யாருக்கு என்ன ஈடு என்பவற்றை மின்வெட்டு வருமுன்பே, எல்லோரும் அறிய, எழுத்தில் வகுத்துவைத்தல் வேண்டும்.