வாக்கில்லாதவர்களுக்கான நிதி: நெருக்கடிக் காலத்தில் வெளிநாட்டு உதவி

பொருளாதார நெருக்கடி வந்தால் அரசுகள் முதலில் கைவைக்கும் செலவுகளில் வெளிநாட்டு உதவியும் ஒன்று. ஓய்வூதியத்தைக் குறைத்தால் ஓய்வூதியர்கள் அடுத்த தேர்தலில் கணக்குத் தீர்ப்பார்கள். வைத்தியசாலைகளுக்கான நிதியைக் குறைத்தால் எதிர்ப்பு தெருவுக்கு வரும். வெளிநாட்டு உதவியால் பயனடைபவர்களுக்கோ, உதவி கொடுக்கும் நாட்டில் வாக்குரிமை இல்லை. அவர்களுக்காக அந்த நாட்டு மக்களே பேசினால்தான் உண்டு. உதவி நிதியைக் காக்கும் பிரசாரங்கள் பிறந்தது இதனால்தான்.

இலங்கையில், இரத்தினபுரி மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள எம்பிலிப்பிட்டியவின் இன்றைய உருவத்தில் இந்த நிதியின் தடம் தெரியும். 1960களில் வளவை கங்கையை மறித்து உடவளவை நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. அதன் நீரை வயல்களுக்குக் கொண்டுசெல்லும் வளவை அபிவிருத்தித் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 1969இல் கடன் வழங்கியது. இடது கரைக் கால்வாய்களைப் புதுப்பித்து நீட்டும் வேலைக்கு 1990களின் நடுப்பகுதியிலிருந்து ஜப்பான் சலுகைக் கடன் கொடுத்தது. குறைந்த வட்டி, நீண்ட தவணை கொண்ட இத்தகைய கடன்களும், திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத நன்கொடைகளும் சேர்ந்ததே அபிவிருத்தி உதவி.

எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. செல்வந்த நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 வீதத்தை உதவிக்கு ஒதுக்க வேண்டும் என்று 1970 ஒக்டோபரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை தீர்மானித்தது. நோர்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பேர்க் போன்ற சில நாடுகளே அதை நெடுங்காலம் எட்டி நின்றன. தொகையில் மிகப் பெரிய கொடையாளியாக இருந்த அமெரிக்கா அந்த இலக்கை ஒருபோதும் ஏற்றதில்லை.

பிரசாரம் எவ்வளவு சாதிக்க முடியும், எங்கே தோற்கும் என்ற இரண்டையும் பிரித்தானியாவின் அனுபவத்தில் காணலாம். 2005இல் ‘வறுமையை வரலாறாக்குவோம்’ என்ற இயக்கத்தில் தேவாலயங்கள், தொழிற்சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள், இசைக் கலைஞர்கள் ஒன்றுசேர்ந்தனர். ஸ்கொட்லாந்தின் கிளெனீகல்ஸில் ஜி-8 தலைவர்கள் கூடவிருந்த வேளையில், எடின்பரோவில் பெரும் பேரணி நடந்தது. அதன் பிறகு 0.7 வீதம் பிரதான கட்சிகளின் பொது வாக்குறுதியாயிற்று. உலக நிதி நெருக்கடியை அடுத்து 2010இல் பதவியேற்ற டேவிட் கமரனின் கூட்டணி அரசு ஏறத்தாழ எல்லாத் திணைக்களங்களிலும் செலவைக் குறைத்தபோதும், சுகாதாரத்தோடு வெளிநாட்டு உதவிக்கும் விலக்கு அளித்தது. 2013இல் பிரித்தானியா இலக்கை எட்டியது. 2015இல் அது சட்டமாகவும் ஆனது.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு வாசல் திறந்தே இருந்தது. பொருளாதார நிலைமையைக் காரணம் காட்டி, இலக்கை ஏன் எட்டவில்லை என்று அமைச்சர் பாராளுமன்றத்துக்கு விளக்கம் கொடுத்தால் போதும். வேறு தண்டனை கிடையாது. கொவிட் தொற்றால் கடன் பெருகிய நிலையில், 2020 நவம்பரில் நிதியமைச்சர் ரிஷி சுனக் உதவியை 0.5 வீதமாகக் குறைப்பதாக அறிவித்தார். இளநிலை அமைச்சர் லிஸ் சக் பதவி விலகினார். உயிரோடிருந்த முன்னாள் பிரதமர்கள் ஐவரும் கட்சி பேதமின்றி எதிர்த்தனர். ஆளும் கட்சி உறுப்பினர் அண்ட்ரூ மிட்ச்செல் உள்ளிருந்தே எதிர்ப்பைத் திரட்டினார். எனினும் 2021 ஜூலை 13ஆம் திகதி அரசு 333க்கு 298 என்ற வாக்குகளில் வென்றது.

வெட்டு வெளியே தெரியாமலும் நடக்கும். நாட்டுக்குள் வந்த அகதிகளைத் தங்கவைக்கும் செலவையும் உதவிக் கணக்கில் சேர்க்க சர்வதேச விதிகள் இடமளிக்கின்றன. 2022இல் பிரித்தானிய உதவி நிதியில் கால்பங்குக்கும் மேல் இவ்வாறு உள்நாட்டிலேயே செலவானது. அதனால் மொத்தத் தொகையோடு, அது எங்கே செலவாகிறது என்பதையும் பிரசாரகர்கள் கண்காணிக்க வேண்டியதாயிற்று. 2025 பெப்ரவரியில் பிரதமர் கெயர் ஸ்டார்மர் பாதுகாப்புச் செலவை உயர்த்துவதற்காக, 2027இல் உதவியை 0.3 வீதமாக்கப் போவதாகச் சொன்னார். அமைச்சர் அனலீஸ் டொட்ஸ் பதவி விலகினார். அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை முடக்கியிருந்தது. ஜூலையில் அதன் உதவி நிறுவனமான யூஎஸ்எய்டே மூடப்பட்டது.

வெட்டை ஆதரிப்பவர்களின் வாதங்களையும் தள்ளிவிட முடியாது. சொந்த நாட்டில் வறுமை இருக்க வெளியே கொடுப்பது ஏன் என்பது ஒன்று. கொடுத்த பணம் வீணாகிறது என்பது இன்னொன்று. இரண்டாவது வாதத்துக்கு வளவைப் பள்ளத்தாக்கிலேயே சான்று உண்டு. ஜப்பானிய, பிரித்தானிய நிதியோடு கட்டப்பட்ட சமனலவெவ அணை 1992இல் நீர் நிரப்பப்பட்டபோது, அதன் வலது கரையில் பெரும் கசிவு ஏற்பட்டது. 120 மெகாவாட் மின்நிலையம் இயங்குகிறது, கசிவும் தொடர்கிறது. முதல் வாதத்துக்குப் பிரசாரகர்கள் அளவைக் காட்டிப் பதில் சொல்வார்கள். அமெரிக்காவில் நடந்த கருத்துக்கணிப்புகளில், மத்திய அரசின் செலவில் நான்கில் ஒரு பங்கு வெளிநாட்டுக்குப் போவதாக மக்கள் சராசரியாக நினைத்தனர். உண்மையில் அது ஒரு வீதம் அளவாகவே இருந்தது. இரண்டாவது வாதத்துக்கு மறுப்பு மட்டும் போதாது. தவறிய திட்டங்களை ஒப்புக்கொண்டு கணக்கைப் பகிரங்கமாக்கினால்தான் எஞ்சிய நிதிக்கு ஆதரவு நிலைக்கும்.

தன் கடனுக்கிடையிலும் ஓர் அரசு உதவ முன்வந்ததைத் தமிழ் வாசகர்கள் அண்மையில் கண்டனர். 2021 ஓகஸ்டில் தமிழ்நாட்டு அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாநிலத்தின் கடன் 5.70 லட்சம் கோடி இந்திய ரூபா என்றது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது. இலங்கைத் தமிழர்களுக்கு உதவி அனுப்ப அனுமதி கேட்டிருந்த தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், பின்னர் அதை இலங்கை மக்கள் அனைவருக்குமாக விரித்தார். ஏப்ரல் 29ஆம் திகதி சட்டசபை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 40,000 தொன் அரிசி, 500 தொன் பால்மா, உயிர்காக்கும் மருந்துகள் எனப் பெறுமதி 123 கோடி இந்திய ரூபா. முதல் கப்பல் மே 18ஆம் திகதி சென்னையிலிருந்து புறப்பட்டது. கட்சிகளும் பொதுமக்களும் தனியாக நன்கொடை திரட்டினர். உதவி போய்ச் சேரும் இடத்தில் உறவும் மொழியும் இருந்தது அந்த ஒருமித்த ஆதரவுக்குப் பெரிய காரணம்.

அத்தகைய உறவில்லாத நாடுகளுக்கிடையே ஆதரவைக் கட்டியெழுப்புவது கடினம். அதற்குப் பிரசார அமைப்புகள் தொகுதிவாரியாகப் பாராளுமன்ற உறுப்பினர்களைச் சந்திக்கின்றன, புலம்பெயர்ந்த சமூகங்களை மேடையேற்றுகின்றன, தடுப்பூசி, குடிநீர் போன்ற கண்கூடான பலன்களை எடுத்துக்காட்டுகின்றன. வெட்டைத் தடுக்க முடியாத இடத்தில் கோரிக்கைகள் குறுகுகின்றன. வெட்டைப் படிப்படியாகச் செய்ய வேண்டும், பாதியில் நிற்கும் திட்டங்களை முடிக்க வேண்டும், மிக வறிய நாடுகளின் பங்கை முதலில் காக்க வேண்டும், பழைய அளவுக்குத் திரும்பும் ஆண்டை அறிவிக்க வேண்டும் என்பவை அவை. 2021இல் பிரித்தானிய அரசு திரும்புவதற்கு ஆண்டு எதையும் குறிக்காமல், கடன் குறைவது உள்ளிட்ட இரு நிபந்தனைகளை மட்டும் வைத்தது. அவை நிறைவேறுமுன்பே அடுத்த வெட்டு வந்தது.