கணினியின் நாடி பார்க்கும் நிரல்கள்

கணினியொன்றிலே ஒரே வேளையில் நூற்றுக்கணக்கான முறைவழிகள், அதாவது இயங்கிக்கொண்டிருக்கும் செய்நிரல்கள், உயிர்த்திருக்கின்றன. அவற்றுள் எது முறைவழியாக்கியின் நேரத்தை விழுங்குகிறது, எது நினைவகத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதை வெளியிலிருந்து அறிதல் இயலாது. கணினி தளர்ந்துவிட்டது என்பது மட்டுமே நமக்குப் புலனாகும். தளர்ச்சியின் காரணத்தைக் காட்ட எழுந்த நிரல்களுள் மூத்தவற்றுள் ஒன்று ‘டொப்’. இலக்கியப் பக்கத்திலே இதற்கென்ன வேலை என்று வாசகர் வினவலாம். ஒருவர் ஆக்கியதைப் பிறர் எடுத்தாளுதல், திருத்துதல், ஆக்கியோன் பெயரைப் பேணுதல் ஆகியன நூலுலகின் பழம் பிரச்சினைகள். அவை இங்கும் எழுந்தன என்பதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

1984ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து றைஸ் பல்கலைக்கழகத்தில், வில்லியம் லெஃபெவர் என்பார் இந்நிரலை எழுதினார். அக்காலத்து யுனிக்ஸ் முறைமையில் ‘பீ.எஸ்.’ என்னும் கட்டளை முறைவழிகளின் பட்டியலைத் தந்தது. ஆயின் அது ஒரு கணத்தின் நிழற்படமே. மாற்றத்தைக் காண விரும்பினால் கட்டளையைத் திரும்பத் திரும்ப இடவேண்டும். டிஜிற்றல் நிறுவனத்தின் வீ.எம்.எஸ். முறைமையிலோ, அதிக நேரம் கொள்ளும் முறைவழிகளை முன்னிறுத்தித் தன்னைத் தானே புதுப்பிக்கும் திரையொன்று இருந்தது. அதனைக் கண்ட லெஃபெவர் யுனிக்ஸுக்கும் அத்தகையதொன்றை ஆக்கினார்.

அதன் உபாயம் எளியது. ஒவ்வொரு முறைவழியும் இதுவரை பெற்ற நேரத்தைப் பணிசெயல் முறைமை கணக்கு வைத்திருக்கிறது. அக்கணக்கை ஒரு முறை வாசித்து, சில விநாடி கழித்து மீண்டும் வாசித்து, வேறுபாட்டை இடைப்பட்ட காலத்தால் வகுத்தால் பங்கு கிடைத்துவிடும். கடினமாயிருந்தது கணக்கன்று, கணக்கேட்டைத் தேடிப் பிடித்தலே. யுனிக்ஸின் வகைதோறும் அதன் அமைப்பு வேறுபட்டமையால், வகைக்குரிய பகுதியைத் தனித்தனியே எழுத வேண்டியிருந்தது. பின்வந்த லினக்ஸ் இக்கணக்குகளைச் சாதாரண கோப்புகள்போலத் திறந்து வாசிக்கத் தந்தது. இன்னொரு வேடிக்கை, டொப் காட்டும் பட்டியலில் டொப்பும் இடம்பெறும். அளக்கின்றவனுக்கும் ஒரு பிடி போகத்தானே செய்யும்!

என்னைப் பெரிதும் கவர்ந்தது அந்நிரலின் தலைப்பிலுள்ள குறிப்பு. தாராளமாகப் பரப்பலாம், ஆயின் இக்குறிப்பு சிதையாதிருக்க வேண்டும் என்கிறது அது. கீழே பதிப்புரிமை வரிகள் உள்ளன. முதலில் றைஸ், 1989 தொடக்கம் நோர்த்வெஸ்டேர்ண் பல்கலைக்கழகம். ஆசிரியர் இடம்பெயர்ந்த வரலாறு அவ்வரிகளிலேயே கிடக்கிறது. ஏடெழுதினோன் சுவடியின் இறுதியில் தன் பெயரும் நாளும் குறித்து வைப்பானே, அத்தகையது.

2004இல் பிரேசில் நாட்டவரான ஹிஷாம் முகம்மது, லினக்ஸுக்கென ‘எச்டொப்’ என்னும் புதிய நிரலை வெளியிட்டார். முதலெழுத்து அவர் பெயரினது. டொப்பிலே ஒரு முறைவழியை நிறுத்த அதன் அடையாள எண்ணைத் தட்டச்சுச் செய்ய வேண்டும். ஓரிலக்கம் பிசகினால் வேறொரு வேலை மாண்டுபோகும். எச்டொப்பிலோ பட்டியலில் மேலும் கீழும் நகர்ந்து, வேண்டியதைக் கண்ணாற் கண்டு நிறுத்தலாம். வேகத்தினும் இத்தகைய கருணையே கருவிக்கு அழகு என்பது என் துணிபு.

எச்டொப்பின் மூல நிரல் எவரும் திருத்தத்தக்கது. திருத்திப் பரப்புவோர் அதே உரிமையைப் பிறர்க்கும் அளித்தல் வேண்டும். 2018இல் வந்த பதிப்பின் பின்னர் வெளியீடுகள் நின்றன. பயன்படுத்துவோர் அனுப்பிய திருத்தங்கள் குவிந்தன. ஊதியமின்றி ஒருவர் தாங்கிய சுமை அது. அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. 2020இல் ஒரு குழுவினர் நிரலைப் பிரதிசெய்து பணியைத் தொடர்ந்து, ஆகஸ்ட் மாதத்தில் 3.0 பதிப்பை வெளியிட்டனர். ஆசிரியர் இருக்கையிலே அவர் நூலைப் பிறர் பதிப்பித்தல் முறையாகுமா? உரிமப்படி முறையே. பண்பாட்டின்படி எவ்வாறு என்பது வேறு வினா. அதற்கு விடையளிக்க உரியவர் ஹிஷாம் ஒருவரே. அவர் அம்முயற்சியை வரவேற்றார். எச்டொப்பின் உதவித் திரையைத் திறப்போர் 2004 முதல் 2019 வரை ஹிஷாம் முகம்மது என்றும், 2020 தொடக்கம் புதிய குழுவினர் என்றும் வாசிக்கலாம்.