பொறியும் அறிவிப்புப் பலகையும்

கடையில் ஒரு பொருளை வாங்கச் செல்கிறோம். விலை என்ன என்று கேட்கிறோம், கடைக்காரர் சொல்லுகிறார். ஐயம் தோன்றினால் மீண்டும் கேட்கிறோம். பணத்தைக் கொடுத்துச் சில்லறையைப் பெற்றுக்கொண்டதும் கணக்குத் தீர்ந்தது என்பது இருவருக்கும் விளங்கிவிடுகிறது. அந்தக் கடைக்காரர் இருந்த இடத்தில் ஒரு பொறியை நிறுத்திவிட்டால், நம் கேள்விக்கு விடை சொல்ல யார் இருக்கிறார்? பக்கத்தில் மாட்டியிருக்கும் அறிவிப்புப் பலகை ஒன்றுதான். அந்தப் பலகையை எவ்வாறு எழுதவேண்டும் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். இது சிறிய செய்தி போலத் தோன்றலாம். ஆனால் பிறர் பணத்தைப் பற்றி எழுதும் எழுத்து எதுவும் சிறிய எழுத்தன்று.

அமெரிக்க நாட்டில், மோட்டார் வண்டியை ஓட்டிவந்தவரே கழுவிக்கொள்ளும் நிலையங்கள் பல உண்டு. இரு பக்கமும் சுவர் எழுப்பிய ஒரு கொட்டகைக்குள் வண்டியை நிறுத்தவேண்டும். சுவரில் ஒரு பெட்டி. அதில் ஒரு திருகு குமிழ். குமிழை ஒரு நிலையில் வைத்தால் சோப்பு நீர் வரும். மற்றொரு நிலையில் நுரை வரும். இன்னொரு நிலையில் நல்ல நீர் வரும். நீண்ட குழலைக் கையிற் பிடித்து விசையை அழுத்தினால் நீர் மிக்க வேகத்தோடு பீறிட்டு அடிக்கும். வழி சொல்லப் பெரும்பாலும் அங்கே ஆள் இருப்பதில்லை.

முன்னாளில் இங்கே காசு போடுவதே வழக்கம். 25 சென்ட் நாணயங்கள் சிலவற்றைப் போட்டால், அவற்றுக்குரிய நேரம் மட்டும் பொறி ஓடும். பிறகு தானே நின்றுவிடும். போட்ட காசுக்கு மேல் ஒரு காசும் செலவாகாது. வங்கி அட்டை வந்த பிறகு பல நிலையங்களில் இந்த முறை தலைகீழாயிற்று. பொறி அட்டையை ஏற்றுக்கொண்டவுடன் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. நாம் நிறுத்தும் வரையில், அல்லது பொறிக்கு வகுத்த எல்லை வரும் வரையில், கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. காசு என்பது முன்னே அளந்து கொடுக்கும் பணம். அட்டையோ பின்னே அளந்து எடுக்கும் பணம். இந்த வேறுபாட்டைப் பலகை சொல்லவில்லையானால், பழைய வழக்கத்தை நம்பி வந்தவர் ஏமாந்து போவார்.

நானும் அவ்வாறு ஏமாந்தவன்தான். அந்நாட்டில் உறவினர் ஒருவரின் வண்டியைக் கழுவுவதற்காக ஒரு நிலையத்துக்குச் சென்றேன். கழுவி முடித்துக் குழலைக் கொக்கியில் மாட்டினேன். நீர் நின்றது. வேலை முடிந்தது என்று எண்ணிக் கொட்டகைக்குள்ளேயே வண்டியை நிதானமாகத் துடைத்தேன். 4 டாலரில் முடிந்திருக்கவேண்டிய வேலைக்கு 11 டாலர் எடுக்கப்பட்டிருந்ததை மறுநாள்தான் கண்டேன். மீண்டும் சென்று பலகையைப் படித்தேன். மொத்தம் பன்னிரண்டு வரிகள். அவற்றில் ஐந்து, மெழுகுப் பூச்சின் பெருமையைப் பேசின. எல்லாவற்றுக்கும் கீழே, எல்லாவற்றிலும் சிறிய எழுத்தில், ‘முடிந்ததும் சிவப்புப் பொத்தானை அழுத்துக’ என்று ஒரு வரி இருந்தது. அழுத்தாவிட்டால் என்ன நேரும் என்பதை அந்த வரி சொல்லவில்லை.

“மறந்தது உம்முடைய குற்றந்தானே?” என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவு உண்மை. ஆயினும் இந்த மறதி எனக்கு மட்டும் உரியதன்று. மைக்கேல் பைர்ன், சூசன் போவேர் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 1997-ஆம் ஆண்டில் இதைப்பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எந்த நோக்கத்தோடு ஒரு காரியத்தைத் தொடங்கினோமோ அந்த நோக்கம் நிறைவேறிய உடனே, மனம் அக்காரியத்தை விட்டு விலகிவிடுகிறது. அதற்குப் பின் செய்யவேண்டிய சிறு செயல் ஒன்று எஞ்சியிருந்தால், அது எளிதில் மறந்துபோகிறது. நகல் எடுத்தவர் மூலத்தாளைப் பொறியிலேயே விட்டு வருவது இவ்வகையைச் சேர்ந்தது. வங்கிகளின் பணம் வழங்கும் பொறிகளிற் சில, முதலில் பணத்தையும் பிறகு அட்டையையும் தந்தன. பணம் கைக்கு வந்ததும் அட்டையை மறந்து சென்றவர்கள் உண்டு. அட்டையை எடுத்துக்கொண்ட பின்னரே பணம் வரும்படி வரிசையை மாற்றியதும் அந்த மறதி குறைந்தது. மக்கள் மாறவில்லை, வரிசைதான் மாறியது.

முடிவில் இருக்கும் குழப்பம் தொடக்கத்திலும் உண்டு. ‘அட்டையைச் செலுத்துக’ என்று மட்டும் எழுதியிருந்தால், எவ்வாறு செலுத்துவது? காந்தப் பட்டையைப் படிக்கும் பொறியில் அட்டையைச் செருகி உடனே இழுக்கவேண்டும்; சில்லைப் படிக்கும் பொறியில், எடுக்கலாம் என்று பொறி சொல்லும்வரை அசைக்காமல் விடவேண்டும்; தொடாமலே படிக்கும் பொறியில், வளைகோடுகள் நான்கு வரைந்த குறியின் அருகே காட்டினாற் போதும். ஒன்றுக்கு உரிய செயலை மற்றொன்றில் செய்தால் பொறி மறுத்துவிடும். வந்தவர் தம் கணக்கில் பணம் இல்லையோ என்று அஞ்சுவார். பின்னால் காத்திருப்பவர் முன் நாணுவார்.

இன்னொன்றும் உண்டு. முடிவான கட்டணம் தெரியுமுன், வங்கி ஒரு தொகையைக் கணக்கில் ஒதுக்கி நிறுத்திவைப்பதுண்டு. அது விடுபடச் சில நாளும் ஆகலாம். செல்வருக்கு இது பொருட்டன்று. கணக்கில் 30 டாலர் மட்டும் வைத்துக்கொண்டு, மறுநாள் வேலைக்குப் போகத் தம் வண்டியைக் கழுவ வந்த தொழிலாளிக்கோ, நிறுத்திவைத்த தொகை அன்றைய உணவுப் பணமாக இருக்கக்கூடும்.

அப்படியானால் பலகையில் எதை எழுதுவது? நான்கு வரிகள் போதும். முதல் வரி: நிமிடத்துக்கு இவ்வளவு கட்டணம், முன்னதாக இவ்வளவு நிறுத்திவைக்கப்படும். இரண்டாம் வரி: அட்டையை இந்தக் குறியின் அருகே, பச்சை விளக்கு எரியும்வரை பிடித்திருங்கள். மூன்றாம் வரி: பச்சை விளக்கு எரிந்ததும் கட்டணம் தொடங்கும். நான்காம் வரி: சிவப்புப் பொத்தானை அழுத்தும்வரை கட்டணம் ஏறும். கை செய்யும் வரிசையே சொல்லின் வரிசையாக இருக்கட்டும். நான்காம் வரி, கண் கடைசியாகச் செல்லும் இடத்தில், அதாவது குழலை மாட்டும் கொக்கியின் மேல், பெரிய எழுத்தில் இருக்கட்டும். மெழுகின் பெருமைக்கு வேறு பலகை வைத்துக்கொள்ளலாம். குழலை மாட்டியதும் பொறியே நின்றுவிடும்படி அமைத்தால் அது இன்னும் நன்று. அப்போது அந்த வரியே வேண்டியதில்லை.

எழுதியவருக்குத் தம் எழுத்து எப்போதும் தெளிவாகவே தோன்றும். ஆகவே அதைச் சோதிக்க ஒரே வழிதான் உண்டு. அந்த இடத்தை முன்பின் அறியாத ஒருவரைப் பலகையின்முன் நிறுத்தி, நாம் வாய் திறவாமல் பார்த்திருக்கவேண்டும். அவர் தயங்கும் இடத்தில் நம் எழுத்து தவறியிருக்கிறது.

மாணவர்களே, நீங்கள் நாளை பொறியியலாளர்களாகவும் அலுவலர்களாகவும் வணிகர்களாகவும் விளங்கப்போகிறீர்கள். விண்ணப்பத் தாளோ, மருந்துச் சீட்டோ, பொறியின் பலகையோ, ஏதேனும் ஒன்றை நீங்கள் எழுதியே தீரவேண்டும். அதைப் படிப்பவர் ஈரக் கையோடும் அவசரத்தோடும் தனியே நிற்பார். உங்களிடம் கேள்வி கேட்க அவரால் இயலாது. அவர் கேட்கக்கூடியதை முன்னரே உணர்ந்து விடை எழுதிவைப்பதே தெளிவு. அது மொழித் திறம் மட்டுமன்று, நேர்மையும் ஆகும்.